ராஜபாளையம் வரைக்கும் ஹோட்டல் கதை

— …அதனாலதான் சொல்றேன் மாப்ள, பக்கெட்டும் கப்பும் இல்லாத பாத்ரூமு பாத்ரூமே இல்ல. கண்ணாடி என்ன, வெளிச்சம் என்ன, மார்பிள் என்ன… குளிக்கிறதுக்கு மட்டும் வழி கிடையாது. மேல இருந்து சொட்டுச் சொட்டா விழுது. தலை நனையுறதுக்குள்ள தூக்கம் வந்துருது.

— ம்.

— கவுகாத்தியில ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, ஒரு பக்கெட்டு குடுத்து விடுப்பான்னேன். என்ன கொண்டாந்தான் தெரியுமா?

— என்ன அத்தான்?

— உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஐஸ் பக்கெட்டு. இடுக்கியும் சேத்து.

— …

— சிரியேம்லே. உங்க அக்கா இதைக் கேட்டா ஒரு வாரத்துக்கு… அந்த லாரியைப் பாரு. இண்டிகேட்டரே போடாமத் திரும்புதான். நீ ரோட்டைப் பாரு மாப்ள.

— பாத்துட்டுத்தான் இருக்கேன். அத்தான்… இப்பத்தான் திருமங்கலம் தாண்டியிருக்கோம். ராஜபாளையம் போய்ச் சேர நேரம் கிடக்கு. செத்த நேரம் கண்ணை மூடுங்களேன். ராத்திரி முழுக்க முழிச்சிருப்பீய.

— தூக்கம் வரல. மூணு ஏர்போர்ட்டு மாறி வாரேன்ல. கவுகாத்தி, கல்கத்தா, சென்னை. இந்த ஏர்போர்ட்டுக்காரன் இருக்கானே, கட்டடத்தைப் பெருசாக் கட்டிக்கிட்டே போறான், உக்கார இடத்தைச் சின்னதாக்கிட்டே வருதான். நாற்காலிக்கு நாற்காலி இரும்புல கை வச்சுட்டான். மனுசன் நீட்டிப் படுத்துறக் கூடாதாம். கல்கத்தாவுல ஒரு பெரியவர் தரையிலயே துண்டை விரிச்சுப் படுத்துட்டார். அங்க இருந்ததுல அவர் ஒருத்தர்தான் புத்திசாலி.

— ஏதாச்சும் சாப்ட்டீயளா?

— சென்னையில உப்புமா. கப்புல சுடுதண்ணி ஊத்தி, மூடிக் கையில குடுத்துருதான். தொறந்து பாத்தா வாடை மட்டுந்தான் உப்புமா. நம்ம மதுரைதான் மாப்ள ஏர்போர்ட்டு. எறங்குனா நடந்தே வெளிய வந்துறலாம். வாசல்ல நிக்கவன் முகம் உள்ள இருந்தே தெரியும்.

— எப்பவும் உங்களைக் கூப்பிட வார டிரைவர் சங்கையா அண்ணனுக்குக் காய்ச்சல் அத்தான். கம்பெனி வண்டி வராதுன்னுட்டாவ. அதான் நான் வந்தேன்.

— சொன்னியே.

— சொன்னேனா…

— ரெண்டு தடவை சொல்லிட்ட. ஏசியைக் கொஞ்சம் குறை.

— குறைச்சுட்டேன்… ஒரு நிமிசம் அத்தான், போனு… ஹலோ. ஆமா சித்தப்பா, ஏத்திட்டேன்… கல்லுப்பட்டி வரப்போறோம்… இல்ல… இல்ல சித்தப்பா, ஒண்ணும் சொல்லல… சரி, வைக்கேன்.

— என்னவாம் சித்தப்பாவுக்கு?

— ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரியிலதான் இருக்காவ. எங்கன வாரீயன்னு கேக்காவ.

— வண்டி ஓட்டும்போது போனை எடுக்காத. இங்கன குடு, நான் வச்சிருக்கேன்.

— வேண்டாம் வேண்டாம்… என்கிட்டயே இருக்கட்டும்.

— சரி, வச்சுக்கோ. அந்தச் சட்டைப் பையிலயே கிடக்கட்டும். இன்னொண்ணு சொல்றேன் கேளு. எந்த ஊருக்குப் போனாலும் தென்னிந்திய சாப்பாடுன்னு போர்டு போட்ட கடைக்குள்ள மட்டும் காலை வச்சுறாத. சாம்பார்ல சீனி போட்டிருப்பான். அந்த ஊர்க்காரன் எதைத் திங்கானோ அதைத்தான் நாமளும் திங்கணும்.

— சரி அத்தான்.

— பொறவு இந்தப் போர்வை. நான் பேண்டேஜ் துணி விக்கவன், விரிப்பைத் தொட்டாலே நூலு நம்பரைச் சொல்லிருவேன். துணி நல்ல துணிதான். ஆனா சுத்திலும் மெத்தைக்கு அடியில சொருகி வச்சிருக்கானே, அதை என்ன சொல்ல. தபால் கவருக்குள்ள நுழையுத மாதிரி நுழையணும். ரூமுக்குப் போனதும் என் மொத வேலை நாலு பக்கமும் உருவி விடுறதுதான்.

— அத்தான்.

— காலையில டிபனுக்குப் போனா, தோசைக்கு வரிசை. தட்டைக் கையில ஏந்திட்டுக் கோட்டு போட்டவன் எல்லாம்…

— அத்தான், கொஞ்சம் நிப்பாட்டுதீயளா?

— வண்டியையா?

— பேச்சை. ஏறுனதுல இருந்து பேசிட்டே வாரீய. பக்கெட்டு, உப்புமா, போர்வை, தோசை. அக்கா எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீயளா?

— நீதான் சென்னையில இருந்து நான் பேசும்போதே சொன்னியே. நெஞ்சு வலி, குளுக்கோஸ் ஏறுது, பயப்பட ஒண்ணுமில்லன்னு.

— சொன்னேன்…

— நீ சொன்னதுக்கு மேல நான் என்ன கேக்க?

— கேக்கணும் அத்தான். முழிச்சிருக்காளா, பேசுதாளா, கஞ்சி குடிச்சாளா… கேக்கதுக்கா இல்ல? கட்டுன பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்கா, நீங்க சாம்பார்ல சீனியப் பத்திப் பேசுதீய.

— கேட்டா சொல்லுவியா? …ரோட்டைப் பாரு மாப்ள. மாடு வருது.

— உங்களுக்கு மெத்தையைத் தடவிப் பாக்கத்தான் தெரியும். அக்கா எதுல படுப்பான்னு தெரியுமா? நீங்க ஊர்ல இல்லன்னா கட்டில் பக்கமே போக மாட்டா. ஹால்ல பாயை விரிச்சு, போனைத் தலைமாட்டுல வச்சுட்டுக் கிடப்பா. நீங்க கூப்பிட்டு இந்த ஹோட்டல் கதையைச் சொல்லி முடிச்சாத்தான் அவளுக்குத் தூக்கம். சேத்தூர்ல இருந்து பைக்கை எடுத்துட்டு வந்து நான் எத்தனை நாள் பாத்திருக்கேன்.

— பாயிலயா படுப்பா? எனக்குத் தெரியாது.

— எப்படித் தெரியும்? புள்ளையா குட்டியா, பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் உண்டா அந்த வீட்டுல? ஒரே ஒரு தடவை அவளை ஏரோப்பிளேன்ல கூட்டிட்டுப் போயிருப்பீயளா நீங்க?

— இல்ல.

— கேட்டிருப்பா.

— கேட்டா. மதுரை ஏர்போர்ட்டுக்குள்ள எப்படி இருக்கும், அதையாவது காட்டுங்கன்னா. அடுத்த தடவை, அடுத்த தடவைன்னே சொல்லிட்டு இருந்தேன். எல்லா ஊர்லயும் எனக்கு ரெட்டைக் கட்டில்தான் குடுப்பான் மாப்ள. ஒரு பக்கம் பையை வச்சுட்டு ஒரு பக்கம் படுப்பேன்.

— எங்கம்மா போன பொறவு என்னைய வளத்தவ அத்தான் அவ. எனக்குச் சோறு ஊட்டினவ. அவளுக்கு ஒண்ணுன்னா உங்களுக்கு வலிக்கவே வலிக்காதா? நேத்து மத்தியானம் ஆஸ்பத்திரியில சேத்ததுமே சொன்னோம்லா. நேத்தே கிளம்பியிருக்கலாம்.

— மொத பிளைட்டே இன்னைக்குக் காலையிலதான் கிடைச்சுது. நீ கோவப்படு. நல்லாக் கோவப்படு. அந்த பஸ்ஸை மட்டும் முந்தாத.

— என் மேல ஒரு சத்தம் போட்டுருங்க அத்தான். இப்படி அமைதியாப் பேசாதீய.

— எதுக்குச் சத்தம் போட? நீ சொன்னதெல்லாம் சரிதானே. …மும்பையில ஒரு ஹோட்டல் இருக்கு.

— திரும்ப ஆரம்பிச்சுட்டீயளா?

— ஜன்னலே தொறக்காது. கடலு எதுக்க இருக்கு, ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது. ஊர் ஊருக்கு அதே ரூம்தான் மாப்ள, விளக்கு சுவிட்சை மட்டும் மாத்தி வச்சிருப்பான். நடுவுல முழிப்பு வந்தா எந்த ஊர்ல கிடக்கோம்னே தெரியாது. மறுநாள் அவ போன் பண்ணி, இன்னைக்கு எந்த ஊருன்னு கேப்பால்ல… அப்பத்தான் எனக்கே ஊரு ஞாபகம் வரும். …கண்ணைத் தொடைச்சுட்டு ஓட்டு.

— தூசி அத்தான். கிருஷ்ணன்கோவில்ல இருந்தே ரோட்டுல தூசி.

— தூசிதான். கண்ணாடியை ஏத்திக்கோ. …கோபுரம் தெரியுதே, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துட்டோமா? அந்த டீக்கடை ஓரமா நிப்பாட்டு.

— வேண்டாம். நேரமாச்சு.

— ஆகட்டும். விடிஞ்சதுல இருந்து பச்சத்தண்ணி குடிச்சிருக்க மாட்ட. உதட்டைக் கண்ணாடியில பாரு. ஒரு டீயைக் குடிச்சுட்டு ஓட்டு.

— …எதுத்தாப்லதானே நீங்க வழக்கமாப் பால்கோவா வாங்குத கடை?

— ம்.

— அக்காவுக்கு வாங்கலையா?

— வேண்டாம் மாப்ள.

— ஏன் வேண்டாம்? எந்த ஊருக்குப் போயிட்டு வந்தாலும் இதை வாங்காம வீட்டுக்குள்ள நுழைய மாட்டீயளே. இன்னைக்கு மட்டும் என்ன?

— இன்னைக்கு… ஆஸ்பத்திரிக்கு எதுக்குன்னு நெனச்சேன்.

— குணமாகி வந்து திம்பால்ல. வாங்கலன்னா கேப்பா.

— கேப்பா. சரி, நீயே இறங்கி வாங்கிட்டு வந்துரு. எனக்குக் கால் மரத்துப் போயிருக்கு.

— நானா?

— கடை காலியாத்தானே இருக்கு. உடனே குடுத்துருவான்.

— ஆமா… காலியாத்தான் இருக்கு. உக்காருங்க, இந்தா வாரேன்.

— பாத்து ரோட்டைத் தாண்டு. …என்ன மாப்ள, கடை வாசல் வரைக்கும் போயி அம்புட்டு நேரம் நின்னுட்டு, வெறுங்கையோட வார?

— கூட்டம் அத்தான். கடையில ஒரே கூட்டம். அதான் வாங்கல.

— ஆமா. இங்கன இருந்து பாத்தேன். கூட்டந்தான். டீயாவது குடிச்சியா?

— குடிச்சேன்.

— குடிக்கல. இந்தா, பாட்டில்ல தண்ணி இருக்கு, இதைக் குடி. இன்னும் ஒரு வாய். குடிச்சுட்டு வண்டியை எடு.

— எடுக்கேன். …ஏன் அத்தான் துண்டை இழுத்துப் போத்திக்கிட்டீய?

— ஏசி. அப்பவே குறைன்னு சொன்னேன். சிலிகுரியில ஒரு லாட்ஜு உண்டு மாப்ள, ஏசியும் கிடையாது, லிப்டும் கிடையாது. படி ஏறணும். ஆனா வெந்நியைப் பக்கெட்டுல கொண்டாந்து வாசல்ல வச்சுட்டுக் கதவைத் தட்டுவான். குளிச்சுட்டு வந்து உக்காந்தா சுடச்சுட ரொட்டியும் உருளைக்கிழங்கும். யாராச்சும் நல்ல ஹோட்டல் எதுன்னு என்கிட்ட கேட்டா அதைத்தான் சொல்லுவேன். என்னைய எங்க இருந்து வாரன்னு கேட்டு, வீட்டுக்குப் போன் பண்ணிட்டியான்னும் கேட்டான், அவன் ஒருத்தன்தான்.

— அத்தான், ஊருக்குள்ள பஞ்சு மார்க்கெட் வழியாப் போகல. ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான். சுத்தித்தான் போகணும்.

— போன வாரம் நான் கிளம்பும்போது நல்லாத்தானே கிடந்துச்சு.

— இப்பத்தான் தோண்டியிருக்கான்.

— சரி. சுத்தியே போ. சுவரு தெரியாத மாதிரி நான் இந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிடுறேன்.

— …என்ன சொன்னீய?

— வெயில் தெரியாத மாதிரின்னேன். மூஞ்சில அடிக்கு.

— அத்தான்…

— இன்னும் கொஞ்ச தூரம்தான் மாப்ள. நேராப் பாத்து ஓட்டு. அந்த சைக்கிள்காரன் போகட்டும். …அவ்வளவுதான். இப்ப இடது பக்கம்.

— இது ஆஸ்பத்திரிக்குப் போற வழி இல்ல. வீட்டுக்குப் போற வழி. நீங்களே இடது பக்கம்ங்கிறீய.

— பேசாம ஓட்டு.

— என்னால முடியல அத்தான். இங்கன ஓரமா நிப்பாட்டிக்கிடுறேன்.

— நிப்பாட்டு. ஹேண்ட் பிரேக்கைப் போடு.

— இந்தத் திருப்பம் திரும்பினா பந்தல் தெரியும். நாற்காலி போட்டிருக்கும், சனம் நிக்கும். வீடு வந்து சேருத வரைக்கும் வாயைத் தொறக்காதன்னு பெரியவிய எல்லாம் சொல்லித்தான் அனுப்பினாவ. சுவத்துல ஒட்டுன கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாத்துருவீயளோன்னுதான் சுத்தி வந்தேன். ஆனா நீங்க பந்தலைப் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. என் வாயால சொல்லிருறேன். அக்கா…

— சொல்ல வேண்டாம் மாப்ள.

— விடியக்காலையில அத்தான்…

— தெரியும். உன்னைய ஏர்போர்ட்டு வாசல்ல பாத்ததுமே தெரிஞ்சு போச்சு.

— தெரிஞ்சா… தெரிஞ்சுக்கிட்டா இம்புட்டு நேரம் உப்புமாவும் போர்வையும் பேசிட்டு வந்தீய? எப்படி அத்தான் முடிஞ்சுச்சு உங்களால?

— நேத்து சாயங்காலம் நர்சு போனை வாங்கி அவளே பேசினா. மூச்சு வாங்கிட்டே பேசினா. ‘நாளைக்கு மதுரையில சங்கையா வந்து நின்னா நான் இருக்கேன்னு வச்சுக்கோங்க. நான் போயிட்டா உங்களைக் கூட்டியாரத் தம்பியைத்தான் அனுப்புவாவ. அவன்கிட்ட ஒண்ணும் கேட்டுறாதீய. கேட்டா அழுதுருவான், அழுதா அவனுக்கு ரோடு தெரியாது. வீடு வார வரைக்கும் உங்க ஹோட்டல் கதையையே சொல்லிட்டு வாங்க. அவனுக்கு எரிச்சல் வரும், எரிச்சல்ல இருந்தா நல்லா ஓட்டுவான்’னா. மூணு ஏர்போர்ட்டுலயும் சங்கையா நிக்கணும், சங்கையா நிக்கணும்னு கும்பிட்டுட்டே வந்தேன். நீ நின்ன. …உன்னையப் பத்திரமாக் கொண்டாந்து சேத்துட்டேன் மாப்ள. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, இனி நீ அழு. நானும் அழுதுக்கிடுறேன்.