நான்கு வரிக்கு ஒன்பது குறிப்புகள்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, குடித்துவிட்டேன்.

மேற்குத் தாம்பரத்தில் தமிழ் வாத்தியார் நான். பத்தாம் வகுப்பு நோட்ஸும் எழுதுகிறேன். பாட்டை எழுதியவருக்கே தோன்றாத பொருளை எடுத்துக் கொடுப்பேன். தொண்ணூற்றொன்றில் மட்டும் மூன்று பதிப்பு. இல்லற இன்பத்துக்கு நான் எழுதிய விளக்கத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்குகிறார்கள்.

என் மனைவி சரசுவுக்குத்தான் அதன் அருமை தெரியவில்லை. "நான் இன்னா சொன்னாலும் நீங்க வேற அர்த்தம் சொல்றீங்க. கடைசில நான் இன்னா சொன்னேன்னு எனக்கே மறந்துபோவுது" என்பாள். களைப்பில் பேசுகிறாள் என்று விளக்குவேன்.

போன செவ்வாய்க்கிழமை நான்கு வரி எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அக்கா வீட்டுக்குப் போகிறேன். திரும்பி வர மாட்டேன். கூப்பிட வர வேண்டாம். பால் நாளை முதல் அரை லிட்டர் போதும்.

எவ்வளவு மொட்டையான நடை பாருங்கள். இல்லற இன்பத்துக்கு உரை எழுதியவனைப் பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனாள் என்று ஊர் சிரிக்காதா? அவமானத்தில் உடம்பு எரிந்தது. ஓரத்தில் ஒன்பது குறிப்புகள் எழுதினேன். அக்கா என்றது கேளம்பாக்கத்தில் இருக்கும் அக்கா அம்மணியை அல்ல, ஆறு வருடம் முன்பு இறந்துபோன மூத்த அக்கா எல்லம்மாவை. அரை லிட்டர் என்றது சாகப்போகும்போதும் கணவனின் செலவை நினைத்த கற்பை. பக்கத்து வீட்டுத் துளசிங்கத்திடம் படித்துக் காட்டினேன். தெருவே அழுதது. நானும் அழுதேன், அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது.

வியாழக்கிழமை பள்ளி வாசலுக்கு அம்மணியின் புருஷன் சின்னப்பன் வந்தான். "சரசு எங்க வூட்லதான் கீது சார். தையல் மிஷின மட்டும் குடுத்துடுங்க, அது பொழச்சிக்கும்" என்றான்.

உரை ஊருக்குள் போய்விட்டது. மூலம் கேளம்பாக்கத்தில் உயிரோடு இருந்தது. இரண்டில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். என் உரையில் இதுவரை யாரும் பிழை கண்டதில்லை.

மறுநாள் பஸ் பிடித்துப் போய், மிஷினை வந்து எடுத்துக்கொள் என்று நயமாகக் கூப்பிட்டேன். நம்பி வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் குறுக்கு வழி என்று கல்குவாரிப் பக்கம் நடத்திக் கூட்டி வந்தேன். குட்டையின் விளிம்பில், "இந்தப் பக்கம் எதுக்கு?" என்று கேட்டாள். வாழ்க்கையில் அந்த ஒன்றுக்குத்தான் நான் விளக்கம் சொல்லவில்லை. தள்ளிவிட்டேன்.

சின்னப்பன் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எழுதப் படிக்கத் தெரியாதவன், என் குறிப்புகளை எங்கே படித்திருக்கப் போகிறான்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்தேன், சார். நடந்தது அத்தனையும் சரி, கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் ஓரத்தில் இரண்டு விரல் இடம் விடுங்கள். அப்படியே விட்டால் படிக்கிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.