நூறாம் கட்டத்துப் பாம்பு

— நூறு. போதும் அபுதாஹிர் பாய், காயைக் கீழ வைங்க. என் காய் வந்து சேந்துருச்சு, ஆட்டம் முடிஞ்சிருச்சு. செயிச்சது சோலைச்சாமி.

— அவசரப்படாதே சோலை. உன் காய் எது மேல உக்காந்திருக்குன்னு குனிஞ்சு பாரு.

— நூறு மேல. நீங்க எழுதுன நூறுதான். உங்க சுழி எனக்குத் தெரியாதா?

— நம்பரைக் கேக்கலப்பா. நம்பருக்குப் பக்கத்துல வாயைப் பொளந்துக்கிட்டு ஒண்ணு இருக்கே, அது என்ன?

— பாம்பு.

— தலையா, வாலா?

— தலை.

— அப்ப எறங்கு. வளைஞ்சு வளைஞ்சு போகுது பாரு, அப்பிடியே போ. முப்பத்தெட்டு. அங்கன வை காயை.

— இருங்க பாய். நூறுல நான் பாம்பே போடலையே. நூறுல போட்டது நெலா. பெருசா, மஞ்சளா, கண்ணு மூக்கோட.

— நெலா அந்தக் கோடியில இருக்கு. தொண்ணூத்தொண்ணுல.

— அது எப்பிடி அங்கன போகும்? பெஞ்சுக்கடியில என் மாதிரிப்படம் இருக்கு, எடுங்க. இந்தா, பாருங்க. இதுல நூறுல நெலா. தொண்ணூத்தொண்ணுல பாம்பு. ராக்கெட்டு எம்பதுலருந்து நூறுக்கு ஏறுது. எல்லாம் ஒழுங்காத்தான இருக்கு?

— மாதிரிப்படத்துல ஒழுங்கா இருக்கு. அச்சுல, கண்ணாடிக்குள்ள பாத்த கணக்கா, எடது வலதாப் போயிருக்கு. சோலை, மறைக்காமச் சொல்லு. புது மெசினுக்கு நீ பிளேட்டுல எப்பிடி வரைஞ்சே?

— எப்பவும் வரையிற மாதிரித்தான்.

— எப்பவும்னா?

— எடப்பக்கத்தை வலப்பக்கமாத் திருப்பி.

— கல்லச்சுக்கு வரையிற மாதிரி.

— ஆமா.

— அடப் பாவி. இது ஆப்செட்டு மெசினு, இதுக்கு நேராத்தான் வரையணும்னு மேஸ்திரி மூணு நாளு தொண்டை கிழியக் கத்துனாரே. கல்லுன்னா கல்லுலருந்து நேரா தாளுல விழும், அதனால திருப்பி வரையணும். இதுல பிளேட்டுலருந்து ரப்பருக்குப் போயி, ரப்பருலருந்து தாளுக்கு வருது. அதுவே ரெண்டு தடவை திருப்பிக்கிடுது. நீ வேற உன் பங்குக்கு ஒரு தடவை திருப்பியிருக்கே.

— பத்து வருசம் திருப்பியே வரைஞ்ச கை பாய் இது. போன மாசம் வீட்டுக்காரிக்குக் கடுதாசி எழுதுனேன், வலது கோடியிலருந்து ஆரம்பிச்சுட்டேன். எனக்கு வேலை தாங்கமாட்டாம கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு அவ ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா.

— நான் நேராத்தான் எழுதுனேன், பார்த்துக்க. நூறு நம்பரும் அது அது எடத்துல நிக்குது.

— நீங்க எழுதுனது கறுப்பு பிளேட்டு. நான் வரைஞ்சது கலர் பிளேட்டு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டதே தாளுல வந்துதான். சரிபாக்க மொதத்தாள் ஓட்டும்போது எவன் கண்ணுலயும் படலையே.

— எப்பிடிப் படும்? நெலா, ராக்கெட்டு, பாம்பு, எல்லாம் எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒண்ணுபோலதான் இருக்கும். முருகன் படமா இருந்தா வேலு கைமாறிப் போச்சேன்னு மெசின் தொடைக்கிறவன்கூடக் கண்டுபிடிச்சிருப்பான். எம்புட்டு அடிச்சாச்சு?

— ஐயாயிரம். பஞ்சம்மா ஆளுக பாதிக்கு மேல அட்டையில ஒட்டியும் முடிச்சிட்டாக.

— யா அல்லா. ஐயாயிரம் அட்டை. ஒருத்தனும் செயிக்க முடியாத ஆட்டம். உருட்டிக்கிட்டே இருக்கணும், செத்தாத்தான் எந்திரிக்கலாம்.

— சிரிக்காதீக பாய். ரெண்டு மணி பஸ்ஸுல விருதுநகர் ஜெய்லானி ராவுத்தர் வாராரு. அவரு கடையிலருந்துதான் ராமநாதபுரம் வரைக்கும் பொம்மையும் பலூனும் போகுது. அவரு பாத்து சரின்னா லோடு முழுக்க அவருக்கு. வேண்டாம்னா, முதலாளி சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல?

— இருக்கு. நீயே சொல்லி மனசை ஆத்திக்க.

— ‘சோலைச்சாமி, இந்த ஒரு தடவை உன் இஷ்டத்துக்கு வரை. ராவுத்தர் எடுத்துக்கிட்டா வருசத்துக்கு நாலு ஆட்டம் நீயே யோசிச்சு வரையலாம். எடுக்கலேன்னா மூச்சுக் காட்டாம தீப்பெட்டி லேபிளுக்குப் போயிரு’ன்னாரு. பத்து வருசமா நான் பூனைக்கு மீசை வரைஞ்சிருக்கேன் பாய். மயிலுக்குக் கண்ணு வரைஞ்சிருக்கேன். எவனோ வரைஞ்ச பூனை, எவனோ வரைஞ்ச மயிலு. எனக்குன்னு மண்டையில உதிச்சது இது ஒண்ணுதான்.

— உதிச்சதுதான் உதிச்சுச்சு, ஒரு மூளைக்கு வேலை வைக்கிற ஆட்டமா உதிச்சிருக்கக் கூடாதா? கட்டையை உருட்டுறான், விழுந்ததை நகத்துறான். இதுல ஆடுறவனுக்கு என்ன வேலை? கையிருந்தாப் போதும். நான் ஆடுறதும் ஒரு ஆட்டம்தான், குறுக்கெழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் ரத்தம் சுண்டும்.

— சுண்டி என்ன கண்டீக? ஏழு வருசமா வாராவாரம் அனுப்புறீக, ஒரு ரேடியோ பொட்டியாவது வந்துச்சா?

— போன ஆடியில ஒரே எழுத்துல போச்சு. ஒரே எழுத்து. அதைக் கெளறாதே.

— என் ஆட்டத்துல ஒரு சேதி இருக்குய்யா. ருசியாக்காரன் ஆளை ஏத்தி ஆகாசத்தைச் சுத்திக் கொண்டாந்து எறக்கிட்டான். இன்னும் சிவகாசியில பெருமாளு ஏணி வச்சு வைகுண்டம் போய்க்கிட்டிருந்தா எப்பிடி? பிள்ளைக ராக்கெட்டுல போகட்டும்னு நெனைச்சேன்.

— ராக்கெட்டுதான் உன் மச்சான் அச்சங்குளத்துல டசன் கணக்கா செய்யிறானே.

— அது பாட்டில்ல வச்சு விடுறது.

— வித்தியாசம் அம்புட்டுதான். உன் மச்சான் ராக்கெட்டு வெடிச்சாத்தான் காசு. ருசியாக்காரன் ராக்கெட்டு வெடிக்காம இருந்தாத்தான் காசு. சரி, பேசிக்கிட்டிருந்தா மணி ஆயிரும். வழியைப் பாப்போம். நூறுல இருக்கிற பாம்புத் தலையை மட்டும் மை வச்சு மறைச்சிட்டா?

— ஐயாயிரம் தலையையா? ரெண்டு மணிக்குள்ளயா?

— வாயை மட்டும் அடைச்சிருவோமா?

— அதுக்கும் ஐயாயிரம் வாயி இருக்கே.

— ஏற்கெனவே நீ அடைச்சுத்தானப்பா வச்சிருக்கே. எல்லாப் பாம்புக்கும் தலையில கண்ணாடிக் குண்டா கவுத்தியிருக்கே. நான் அன்னைக்கே கேக்கணும்னு நெனைச்சேன், எதுக்கு அது?

— ஆகாசத்துல காத்து கெடையாது பாய். பாம்பு மூச்சு விட வேண்டாமா? எனக்குப் பாம்பு போடுறதுலயே இஷ்டம் இல்லை. எரிகல்லு போடுறேன்னேன். ‘பாம்பு இல்லாம பரமபதமா, எவன் வாங்குவான்’னு முதலாளி ஒத்தக்கால்ல நின்னாரு. ஆகாசத்துல பாம்பு ஏதுங்கன்னு கேட்டதுக்கு, ‘அப்ப ராகுவும் கேதுவும் எங்கன இருக்கு, உங்க ஆமத்தூர் கம்மாயிலயா’ன்னாரு. அதுக்கு மேல நான் என்னத்தைப் பேச?

— அது கெடக்கட்டும். குண்டா மாட்டுன பாம்பு எப்பிடிக் கொத்தும்?

— கொத்தும்போது மட்டும் கழட்டிக்கிடும்.

— எந்தக் கையால?

— பாய், ஐயாயிரம் அட்டை போச்சுன்னு ஒருத்தன் வயித்தெரிச்சல்ல நிக்கேன், பாம்புக்குக் கை எங்கன்னு கேக்குறீக.

— கேட்டா விடை தெரியணும்ல. சரி சரி, மொறைக்காதே. ஒரு யோசனை. படத்தைத் தொட வேண்டாம். ஆட்ட விதின்னு ஒரு துண்டுத்தாள் அடிச்சு உள்ள சொருகிருவோம். நான் இப்பவே எழுதித் தாரேன். ‘விதி ஒன்று: நூறாம் கட்டத்தை அடைந்தவர் பாம்பால் தீண்டப்பட்டு முப்பத்தெட்டுக்கு இறங்குவார். விதி இரண்டு: அவ்வாறு ஏழு முறை தீண்டப்பட்டவருக்கு விஷம் முறிந்து ஞானம் உண்டாகும். விதி மூன்று: ஞானம் பெற்றவரே வென்றவர்.’

— ஏழு தடவை நூறுக்கு வாரதுக்குள்ள லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்துரும். ஆறு வயசுப் பிள்ளைக்கு ஞானத்தை எப்பிடிப் பாய் வெளக்குறது?

— அப்ப மூணு முறைன்னு வச்சுக்கிடுவோம்.

— வேண்டாம் பாய். ராவுத்தர் கெட்டிக்காரரு. துண்டுத்தாளைப் பாத்த மறுநிமிசம் எங்கயோ ஓட்டை இருக்குன்னு கண்டுபிடிச்சிருவாரு. நானே முதலாளிகிட்டப் போயி, தப்பு என்னுதுதான்னு சொல்லிருதேன். நாளையிலருந்து பூனை மீசை. எனக்கு அழுகை வருது பாய், உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன.

— உக்காரு. நானும் ஒண்ணு சொல்லணும்.

— என்ன?

— மொதத்தாள் வந்தப்ப நான் பாத்தேன்.

— எதை?

— நெலா அந்தக் கோடியில இருக்கிறதை. நீதான் ஏதோ புதுசா யோசிச்சு மாத்தியிருக்கேன்னு நெனைச்சேன். உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அன்னைக்கு என் புதிர்ல ரெண்டு கட்டம் பாக்கி, தபாலுக்கு நேரமாச்சு, புத்தி பூராம் அங்கன கெடந்துச்சு. ‘உயிர் காக்கும்’, நாலெழுத்து.

— என்ன விடை?

— இன்னமும் தெரியலப்பா. அதை விடு. தப்பு உன்னுது மட்டும் இல்லை. முதலாளிகிட்ட ரெண்டு பேருமாப் போவோம். திட்டுனா பாதி பாதி வாங்கிக்கிடுவோம்.

— நீங்க எதுக்குப் பாய் வாரீக? உங்களுக்கு நாலு பிள்ளைக.

— அதனாலதான் வாரேன். வீட்டுல திட்டு வாங்கி எனக்கு நல்ல பழக்கம். எந்திரி.

— சோலையண்ணே, பாயி, ஒரு உபகாரம். உங்ககிட்ட உருட்டுற கட்டை இருந்தா ஒண்ணு குடுங்களேன். எங்கது பசைச் சட்டிக்குள்ள விழுந்து ஒரு பக்கம் கனத்துப் போச்சு. எப்பிடிப் போட்டாலும் மூணே விழுகுது.

— வா பஞ்சம்மா. அட்டை ஒட்டுற எடத்துல உங்களுக்குக் கட்டை எதுக்கு?

— நல்லாக் கேட்டீக சோலையண்ணே. ஆடத்தான். மத்தியானச் சோறு உண்டுட்டு மூணு நாலு ஆட்டம் போடாம எங்களுக்குக் கையே வேலைக்கு ஓடலை. இன்னையோட எட்டு நாளு. நான் பதினேழு தடவை செயிச்சிருக்கேன். ராக்காயி பத்து. முத்துமாரி இன்னும் ஒண்ணுகூடச் செயிக்கலை, அவளுக்கு வாயிதான்.

— செயிச்சியா? இந்த ஆட்டத்துலயா?

— பெறகு? பாயி எதுக்கு இப்பிடி முழிக்காக?

— தாயி, இதுல ஒருத்தரும் செயிக்க முடியாது. நூறுல பாம்பு இருக்கு. அங்கன போனா முப்பத்தெட்டுக்குத் தள்ளி விட்டுரும்.

— நான் எதுக்கு அங்கன போறேன் பாயி? நெலாவுல எறங்குனா செயிப்பு.

— நெலா தொண்ணூத்தொண்ணுல இருக்கே. உனக்கு நம்பர் தெரியாதா?

— நம்பர் தெரியாமயா நூத்தி நாப்பத்து நாலு ஒரு குரோசுன்னு அட்டை எண்ணி முதலாளிகிட்டக் குடுக்கேன்? ஆடுறப்ப எவ நம்பரைப் பாத்தா? படம்தான கண்ணுக்கு முன்னால நிக்குது. அந்த நெலா மொகம் அம்புட்டு அழகு சோலையண்ணே, ராக்காயி அதைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் கட்டை போடுவா. பாம்புக்குத்தான் எதுக்குச் சட்டியைக் கவுத்தியிருக்கீகன்னு எங்களுக்கு வெளங்கலை. சளி பிடிச்சிருச்சோன்னு பேசிக்கிட்டோம்.

— இரு பஞ்சம்மா, இரு. பாய், கேட்டீகளா? எழுபத்தொண்ணுல ராக்கெட்டு ஏறுனா நேரா நெலாவுல போயி நிக்குது.

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தாயி, நெலாவுல சரியா விழாமத் தாண்டிப் போயிட்டா?

— போனது போனதுதான். ஒவ்வொரு கட்டமா நூறு வரைக்கும் நடந்து, பாம்புகிட்டக் கொத்து வாங்கி, திரும்பக் கீழ இருந்து வரணும். அந்த நேரத்துல பக்கத்துல இருக்கிறவளுக்கு வாற சிரிப்பு இருக்கே, அதுக்குத்தான ஆடுறதே. கட்டையைக் குடுங்கண்ணே, அங்கன ஒரு பெரியவுக காத்துக்கிட்டிருக்காக.

— எந்தப் பெரியவரு?

— விருதுநகர்லருந்து வந்துருக்காக. வெள்ளைத் தொப்பி, கையில குடை. முன்னாடி பஸ்ஸுலயே வந்துட்டாகளாம். ஒட்டுறதைப் பாக்கணும்னு உள்ள வந்தவுக, நாங்க ஆடுறதை நின்னு பாத்தாக, பெறகு பொட்டியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாக. நெலாவை மூணு தடவை தாண்டி மூணு தடவையும் கொத்து வாங்கிட்டாக. முதலாளி ரெண்டு தடவை ஆளு விட்டாச்சு, காப்பி ஆறிப் போச்சாம். ‘நெலாவுல எறங்காம நான் வரமாட்டேன், ஐயாயிரம் பத்தாது, தீவாளிக்கு இன்னொரு ஐயாயிரம் அடிக்கச் சொல்லு’ன்னு ஆளைத் திருப்பி அனுப்பிட்டாக.

— பாய், ராவுத்தர். ராவுத்தரு பாய்.

— தெரியுது, கையை விடு, வலிக்குது. தாயி, நூறுல பாம்பு இருக்கேன்னு அவுக ஒண்ணும் கேக்கலையா?

— கேக்காம? மொதத் தடவை கொத்துனப்ப நல்லாக் கோவிச்சாக. ‘நூறு வரைக்கும் ஏறி வந்தவனுக்குப் பாம்பா, இதை வரைஞ்சவன் எவன், கூப்பிடு அவனை’ன்னாக.

— அதுக்கு நீ என்ன சொன்னே?

— என்னத்தைச் சொல்ல? ‘நெலாவுக்குப் போறேன்னு கெளம்பிட்டு, நெலா வந்தப்பறமும் எறங்காமப் போறவுகளைப் பாம்பு கொத்தாம மாலையா போடும்’னு கேட்டேன்.