மார்கரெட் திருத்திய நிலம்

— இல்லவே இல்லை. எங்க மர்கட்ராய்டுங்கிற குடும்பப் பேரு ஆம்பளைகிட்டேருந்து வந்ததே கிடையாது. அந்த நீளக் கல்லைக் குறுக்க வை, ஹாரல்டு. அப்பத்தான் சுவர் ரெண்டு பக்கமும் பிடிச்சு நிக்கும்.

— சரிதான், வச்சாச்சு. பின்ன யாருகிட்டேருந்து வந்துச்சாம்?

— எங்கப்பா சொல்லுவாரு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால இந்த யார்க்‌ஷயர் மலைச்சரிவு பூரா காடாம். மார்கரெட்டுன்னு ஒருத்தி மரத்தை வெட்டிச் சாய்ச்சு மேய்ச்சலாக்கினாளாம். அப்படித் திருத்துன நிலத்துக்கு அந்தக் காலத்துல ராய்டுன்னு பேரு. மார்கரெட்டோட ராய்டு, பேச்சுல தேஞ்சு மர்கட்ராய்டு. அங்க குடியிருந்தவங்களையும் ஊரு அப்படியே கூப்பிட ஆரம்பிச்சிருச்சு.

— ஒத்தை ஆளாவா வெட்டினா?

— புருஷன் ஓரமா உக்காந்து பீர் குடிச்சிருப்பான். நீ இப்ப டீ குடிக்கிற மாதிரி.

— சரிதான். எங்க சட்க்ளிஃப் பேருக்கு என்ன கதை, வின்னி?

— சட்க்ளிஃப்னா தெக்குப் பாறை, அதுக்கு அடியில இருந்தவங்க. அவ்வளவுதான். ஒண்ணையும் வெட்டலை, ஒண்ணையும் கட்டலை. பாறை நின்னுச்சு, நீங்களும் கூட நின்னீங்க.

— நிக்கிறதும் வேலைதான். எத்தனை வருஷமா இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன்.

— அட போப்பா, ஆரம்பிச்சுட்டியா?

— கிறிஸ்துமஸுக்குக் கேட்டேன், கட்டிக்கிறியான்னு. மாட்டேன்னுட்ட. என்னைப் பிடிக்கலையா?

— பிடிக்காதவனுக்கா ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடிச்சு இஞ்சி கேக் சுட்டுக் கொண்டாறேன்? நல்லா இருக்கே நியாயம்!

— பின்ன எதுக்கு மாட்டேன்னே?

— என் தம்பி ஆர்தர் தவறிப் போனப்புறம் இந்தப் பேருக்கு நான் ஒருத்திதான் பாக்கி. சர்ச்சுல உன் கையைப் பிடிச்ச மறுநாளே தபால்காரன் வந்து மிசஸ் சட்க்ளிஃப்னு கூப்பிடுவான். அதோட முடிஞ்சுது. அவ்வளவு பெரிய காட்டை வெட்டினவ பேரு என் கையாலயா போகணும்? சட்க்ளிஃபுக்கு என்ன, இந்த ஊருல தடுக்கி விழுந்தா ஒரு சட்க்ளிஃப் மேலதான் விழணும்.

— சரிதான். அந்தச் சின்னக் கல்லை இங்க எடு.

— இந்தா பிடி. கோவமா?

— இல்லை. மார்கரெட்டுக்கு அப்புறம் அந்தப் பேரை மொதல்ல சொல்லிக்கிட்டவன் ஆம்பளைதானே?

— மகனா இருக்கும். மருமகனோ என்னவோ.

— பொம்பளை பேரால கூப்பிடுறாங்களேன்னு அவனுக்கு வெக்கமா இருந்திருக்குமா?

— எதுக்கு வெக்கம்? அவ திருத்துன நிலத்துலதானே அவன் ஆடு மேஞ்சுது.

— என் ஆடும் காலையிலேருந்து உன் நிலத்துலதான் மேயுது.

— தெரியுமே. உன்னை மாதிரியே கேக்காம கொள்ளாம நுழையுதுங்க. ஓட்டிக்கிட்டுப் போ, இருட்டுறதுக்குள்ள இந்த இடைவெளியை அடைச்சாகணும்.

— நேத்து டவுனுக்குப் போனேன், வின்னி.

— தீவனம் வாங்கவா?

— வக்கீலைப் பார்க்க. கல்யாணம் பண்ணிக்கிற ஆம்பளையும் பேரை மாத்திக்கலாமாம். ரெண்டு சாட்சி இருந்தாப் போதுமாம்.

— பப்புல சிரிப்பாங்க, ஹாரல்டு. உன் அண்ணன் முதல் ஆளா சிரிப்பான்.

— சிரிக்கட்டும். அந்தக் கல்லைக் கொஞ்சம் கீழ வையேன். சுவரை அடைக்கிறதுக்கு முன்னால சொல்லு... உன் பேரை எனக்குக் குடுக்கிறியா?