கருவாட்டுப் படமும் பக்கத்து ரூமும்

அடையார் பஸ்ல எனக்கு முன் சீட்ல ரெண்டு ஓவியனுங்க. “உன் கருவாட்டுக்குக் கோயில் கட்டணும் மச்சி”ன்னான் கண்ணாடி போட்டவன். நான் காதைத் தீட்டிக்கினேன்.

“இன்னாடா ஒளர்ற?”ன்னான் தாடிக்காரன்.

“எக்ஸிபிஷன்ல நீ கேன்வாஸ் மேல கருவாட்டை ஆணி அடிச்சு மாட்டின. பேப்பர்ல கிழிகிழின்னு கிழிச்சான். அதைப் பார்க்க மயிலாப்பூரே கெளம்பி வந்துச்சு. வந்தவங்க மூக்கைப் பொத்திக்கினு பக்கத்து ரூமுக்கு, என் படங்ககிட்ட ஓடி வந்தாங்க. எட்டும் வித்துடுச்சுடா!”

“அப்போ உங்கப்பா திங்கக்கிழமை சேரச் சொன்ன பேங்க் வேலை?”

“சேரலை. இன்னும் ஒரு வருஷம் படம் வரைன்னு அப்பாவே சொல்லிட்டாரு. ஆமா, உன்னுது வித்துச்சா?”

“அதைப் பூனை தின்னுடுச்சு.”

கண்ணாடி சிரிக்கல. தாடியோட கையைப் புடிச்சவன், பாண்டி பஜார்ல எறங்கறவரைக்கும் விடவேயில்ல.