வாங்க ஆளில்லை

எனக்கு அவசரம் என்றாலே ஆகாது. நிறுத்தத்திலிருந்து பேருந்து நகர ஆரம்பித்துவிட்டால் ஓடிப்போய் ஏறமாட்டேன், அடுத்தது வரும். முப்பத்தோரு வருடம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலை பார்த்தவன். முள் ஆடி நிற்கும்வரை காத்திருப்பதுதான் அந்த வேலையே. நீங்களும் நிதானமாகக் கேட்கிறீர்கள், ஐயா. அது எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியே பெஞ்சில் என் மகள் குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். புகார் கொடுத்தது அவள்தான். எனக்குக் கோபமில்லை. அவளுக்கு அவள் அம்மாவின் சுபாவம் வரவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் துணி வெட்டுகிறவள். அங்கிருந்த சங்கத்துச் சேமிப்பில் மாதாமாதம் போட்டு வந்தாள். வருடத்துக்கு ஆறு சதவீத ஈவு, கூடாது, குறையாது. வேண்டும்போது போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். "இது போதுங்க, நல்லா தூக்கம் வருது" என்பாள்.

நான் வைத்திருந்தது வேறு. ஃபண்டு யூனிட்டுகள். அந்த வகை ஃபண்டு, போட்ட பணத்தைத் திருப்பித் தராது. நமக்குக் காசு வேண்டுமென்றால் சந்தையில் இன்னொருவர் நம் யூனிட்டை வாங்க வேண்டும். அதனால் உள்ளே நூறு பெறுமான சொத்து இருந்தாலும் வெளியே தொண்ணூறுக்குத்தான் விலை போகும். விவரம் தெரிந்தவன் அப்போது வாங்குவான், விற்கமாட்டான். இருபது வருடத்தில் நான் ஒரு யூனிட்கூட விற்றதில்லை. ஆறு வருடத்துக்கு முன் அவள் சேமிப்பையும் எடுக்கவைத்து அதிலேயே போட்டேன். "தூங்குற காசு" என்று கேலி செய்தே சம்மதிக்கவைத்தேன். யூனிட்டுகள் இருவர் பெயரிலும் இருந்தன.

போன வருடம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதய வால்வு. மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும். தள்ளிப்போடாதீங்க" என்றார். எங்கள் யூனிட்டுகளில் மூன்றில் ஒரு பங்கை விற்றால் செலவுக்குப் போதும். அன்றே சாப்பாட்டு மேசையில் விற்பனைப் படிவத்தை வைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மகளுக்கு அப்போது ஏழாவது மாதம். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

படிவத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தரகர் அலுவலகத்துக்குப் போனேன். திரையில் விலை ஓடிக்கொண்டிருந்தது. உள்மதிப்புக்குப் பதினெட்டு சதவீதம் கீழே. அவ்வளவு கீழே நான் பார்த்ததேயில்லை. அடிமாட்டு விலை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன், சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன், வீட்டுக்குத் திரும்பினேன்.

"வாங்க ஆளில்லை" என்றேன் அவளிடம்.

"அப்ப ஆள் வரட்டும். வெயில்ல நீங்க அலையாதீங்க" என்றாள்.

அதன்பின் சுலபமாகத்தான் இருந்தது. வாரம் ஒருமுறை கேட்பாள், நானும் அதையே சொல்வேன். மருத்துவமனையிலிருந்து நர்ஸ் மூன்று முறை போன் செய்தார். "அவ பயப்படறாம்மா, கொஞ்சம் டைம் கேக்கறா" என்றேன். மனைவியிடம், அவசரமில்லை என்று மருத்துவரே சொன்னதாகச் சொன்னேன். எங்கள் வீடு இரண்டாம் மாடி. ஏறும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டுவைத்தேன். கீழ்வீட்டுக்காரம்மா, "உங்களமாதிரி புருஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். கூசிப்போனேன் என்று சொல்ல ஆசைதான். எதுவும் தோன்றவில்லை.

ஒன்பதாவது வாரம் ஃபண்டிலிருந்து டிவிடெண்ட் வந்தது. அதற்கும் யூனிட்டுகளே வாங்கினேன். அந்த விலைக்கு மறுபடி எப்போது கிடைக்கும்.

பதினோராவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, காய்கறி வாங்கிக்கொண்டு வந்தவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. பை சாயாமல் மடியிலேயே இருந்தது. நான் மேலே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். அவளை அவசரப்படுத்தக் கூடாதென்று வெகுநேரம் கூப்பிடவும் இல்லை.

படிவத்தை மகள் எடுத்தது ஃபண்டின் ஆண்டறிக்கைக்குள்ளிருந்து. குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. அதில் அவள் கையெழுத்து இருந்தது. மகள் நேரே தரகரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "வாங்க ஆள் தினமும் இருந்தாங்களேம்மா" என்றாராம். திரும்பி வந்து, குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமலே, "அம்மா ஒவ்வொரு தடவை கேட்டப்பவும் அவங்க முகத்தப் பாத்துதான் சொன்னீங்களாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன்.

உண்மைதான், ஐயா. ஆள் இருந்தது எனக்குத் தெரியும். மருத்துவர் வைத்த கெடுவும் தெரியும். கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தெரிந்தே மறைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். இன்று காலை உங்கள் ஆள் வந்து கூப்பிடுவதற்கு முன் விலை பார்த்தேன். அந்தப் பதினெட்டு சதவீத இறக்கம் இப்போது மூன்றாகக் குறைந்துவிட்டது. நான் போட்ட கணக்கு தப்பவில்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவள்தான் ஒரு வருடம் பொறுக்கவில்லை.