நேற்றுக் காலையே திறந்த மூடி

ஏலக்காயைப் பல்லால் கடித்துப் பார்த்து வாங்குகிறவனை நான் வியாபாரி என்றே சொல்லமாட்டேன். மூக்கு போதும். போடியில் முப்பத்தோரு வருடமாக நான் கடை நடத்துவது இந்த மூக்கை வைத்துத்தான். சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்ததும் அது எந்த மலைக் காய், புகை ஏறியதா, பழசும் புதுசும் கலந்ததா என்று சொல்லிவிடுவேன். கடைவீதியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் அய்யா. வீரையா சொன்னால் மறுபேச்சு கிடையாது.

வீடும் கடையும் ஒன்றுதான். அப்பா கட்டியது. முன்பக்கம் கடை, நடுவில் முற்றம், பின்னால் புழக்கடையில் செப்டிக் டேங்க். முற்றத்தில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்து காய்க்குக் காம்பு கிள்ளித் தரம் பிரிப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் முற்றத்தைக் கழுவி, காம்பையும் தூசியையும் மடையிலேயே தள்ளிவிடுவோம். தெருவில் கொட்டுவதில்லை. ஏலத்தூசியை ஊரார் மிதித்தால் தொழில் விளங்காது என்பது எங்கள் வீட்டு வழக்கம். முற்றத்து மடை, டேங்குக்குப் போகிற குழாயில்தான் சேர்கிறது.

போன தை மாதம் பக்கத்து முடுக்குச் சந்தில் அந்தப் பழைய மண் குழாய் இடிந்துபோனது. மாற்றித் தர ராசிங்காபுரம் வெள்ளைத்துரையைக் கூப்பிட்டேன். கெட்டிக்காரக் காண்டிராக்டர் என்று நான்கு பேர் சொன்னார்கள். தானே குழிக்குள் இறங்கி, அடிக்கு அடி ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் புதுக் குழாயைப் பதித்தான். முடித்த அன்று கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

“தண்ணி ஓடுற வாட்டம் சுத்தமா இருக்குண்ணே. ஆனா இந்த முற்றத்து மடைய மட்டும் தனியா வெளிய திருப்பி விட்ருவோம். காம்பும் தூசியும் போனா எந்தக் குழாயும் தாங்காது.”

“குழாய் போட வந்தா குழாயப் போடு. எங்க வீட்டு வழக்கத்துல கைய வைக்காத,” என்றேன்.

பங்குனியில் முத்துப்பிரியாவுக்குப் பூ வைக்கச் சின்னமனூரிலிருந்து வந்தார்கள். என் ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை. இரண்டு வருடம் அலைந்து அமைந்த இடம் அது. முற்றத்தில் ஜமுக்காளம் விரித்து உட்காரவைத்திருந்தேன். கேசரித் தட்டை அவள் கொண்டுவந்து நீட்டுகிற நேரம் மடை குபுகுபுவென்று பொங்கியது. எது பொங்கியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜமுக்காளம் நனைந்தது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். ஒருவரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. ஜாதகம் மாசியிலேயே பார்த்தாகிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது, அய்யா. மறைக்க என்ன இருக்கிறது, அந்தக் கோபம் இப்போதும் இருக்கிறது. மூக்கால் பிழைக்கிறவன் வீட்டில் ஒருத்தி மூக்கைப் பொத்துகிறாள். அதற்குக் காரணம் வாட்டம் இல்லாமல் குழாய் பதித்தவன். வேறு யார்?

கூப்பிட்டதும் வந்தான். மூங்கில் பிளாச்சை மடைக்குள் விட்டுக் குத்தி இழுத்தான். கறுத்துக் கெட்டியாக ஒரு கட்டி வந்தது. அதைக் கையில் உடைத்து, காம்பு கிள்ளுகிற அத்தனை பெண்கள் முன்னாலும் எனக்கு நீட்டினான்.

“பாருங்கண்ணே, பூராம் காம்பு. அன்னைக்கே சொன்னேன்ல? உங்க சரக்குதான் உங்க வாய அடைச்சிருக்கு.”

பெண்களில் ஜக்கம்மாள் என்று ஒருத்தி சிரித்தாள். அவளோடு மற்றவர்களும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். என் முற்றத்தில், என் சோற்றைத் தின்கிறவர்கள்.

அவனே மேற்கொண்டு சொன்னான்.

“டேங்குப் பக்கமும் அடைச்சிருக்கும்ணே. முடுக்குக்குள்ள கழிவு உறிஞ்சுற லாரி வராது. மூடிய ஒரு நாள் முன்னக்கூட்டியே தொறந்து போட்ருங்க, உள்ள இருக்கிற காத்து போகட்டும். நாளான்னைக்குக் காலையில வெரசா வந்துர்றேன்.”

“சரிப்பா,” என்றேன்.

முத்துப்பிரியா உங்களிடம் சொன்னது உண்மைதான். டேங்கு மூடிமேல் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி உண்டு. அவன் வருவதாகச் சொன்ன அன்று காலையில்கூட அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். தொட்டி இருந்த இடத்தில் இருந்தது. மூடி திறந்து பதினோரு வருடம் ஆகிறது. முடுக்கில் அவன் பைக் சத்தம் கேட்ட பிறகுதான் நான் தொட்டியை நகர்த்தி, கடப்பாரையால் மூடியை நெம்பினேன். வாடை முகத்தில் அறைந்தது. அழுகிய முட்டை வாடை. பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டேன். அந்த வாடை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அவன் வந்து குனிந்து பார்த்தான். குழாய் வாய் இரண்டு படிக்குக் கீழே இருந்தது.

“எப்பண்ணே தொறந்தீங்க?”

“நேத்துக் காலையிலயே.”

“விளக்கு எறக்கிப் பாத்தீங்களா?”

“பாத்தேன். நல்லா எரிஞ்சது.”

அவன் கொஞ்சம் தயங்கினான். “லேசா வாடை அடிக்கிற மாதிரி இருக்கேண்ணே?”

“ஒண்ணுமில்ல. இருந்தா எனக்குத் தெரியாதா?”

“அதுவும் சரிதான். உங்க மூக்குக்குத் தெரியாததா?” என்று சிரித்துக்கொண்டே காலை உள்ளே வைத்தான்.

அவன் என்னை நம்பித்தான் இறங்கினான். அதை நான் மறுக்கவில்லை. இரண்டாம் படியில் நின்று குழாய் வாயில் கையை விட்டான். “அண்ணே” என்று ஒரு தடவை கூப்பிட்டான். சத்தமாகக்கூட இல்லை. பிறகு படியில் ஆள் இல்லை.

முத்துப்பிரியா ஓடி வந்தாள். “கயிறு கொண்டாங்கப்பா, கயிறு கொண்டாங்க” என்று கத்தினாள். தானே இறங்கப் போனாள். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை, அய்யா. பெற்ற பிள்ளையை அதற்குள் விடுவேனா? அப்படியே கால் மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைக் கடித்தாள். இதோ பாருங்கள், பல் பட்ட இடம். தீயணைப்புக்காரர்களுக்குப் போன் போட்டது அவள்தான். நான் போடவில்லை. அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாகட்டும் என்றுதான் மூடியை மூடியே வைத்திருந்தேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் உடம்பு சரியில்லை. காப்பி வெந்நீர் மாதிரி இருக்கிறது. கடையைத் திறந்து ஏலக்காய் மூட்டை நடுவில் நின்றால் வெறும் சாக்குக் குடோன் மாதிரி இருக்கிறது. ஜலதோஷமாக இருக்கும்.

நீங்கள் கூட்டிவந்த பொறியாளர் ரசமட்டம் வைத்துப் பார்த்து வாட்டம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அவர் ஆயிரம் சொல்லட்டும். டேங்குப் பக்கக் குழாயிலிருந்து எடுத்தது என்று ஒரு பை காம்பைக் கொண்டுவந்து நேற்று என் முன்னால் வைத்தீர்கள். உங்கள் சரக்குதானா, பாருங்கள் என்றீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, மூன்று தடவை, நன்றாக இழுத்து முகர்ந்து பார்த்தேன்.

ஒரு வாடையும் இல்லை, அய்யா. என் வீட்டுக் காயென்றால் மணத்திருக்கும்.