கால்மாட்டில் நின்றவன்

— காலேஜ் விண்ணப்பத்துல மார்க் ஏன் குறைஞ்சதுன்னு ஒரு கட்டம் குடுத்திருக்காங்க, அதை மட்டும் எழுதிக் குடுன்னுதானடா கேக்கறேன். மத்ததெல்லாம் நானே நிரப்பிட்டேன்.

— அதில்ல அக்கா, அந்தக் கட்டம் கட்டாயமே இல்ல. பாரு, 'விருப்பம் இருந்தால்'னு போட்டிருக்கு. விட்டுடு.

— பதினோரு நிமிஷம் முன்னாடி பொறந்ததுக்கு நீ அக்கான்னு கூப்பிட்டா எனக்குச் சந்தேகம் வருது. காரியம் ஆகணும்னாதான் உன் வாயில அது வரும்.

— சும்மா கூப்பிட்டேன்.

— போன வருஷம் தொண்ணூத்தொண்ணு, இந்த வருஷம் அறுபத்திநாலு. காரணம் சொல்லாம விட்டா, இவ ஊர் சுத்திட்டு வந்திருக்கான்னு ஓரமா எடுத்து வச்சுடுவாங்க. அஞ்சு மணியோட மூடறாங்க. இப்பவே மூணே முக்கால். டைப் அடி.

— சரி. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக'ன்னு போட்டுட்டேன். போதும்ல?

— குடும்பச் சூழ்நிலைன்னா? குடும்பத்தோட சுற்றுலா போயிருந்தோமா?

— மெதுவாப் பேசு. உள்ள அப்பா முழிச்சுக்கிட்டு இருக்கார். ஆமா, மத்தியானம் ஏன் அவருக்கு ஊட்டி விட்ட? கதவைத் தாண்டறப்ப பாத்தேன். ஸ்பூனைப் பிடிச்சு அவரேதான சாப்பிடுவார்?

— இன்னிக்கு முடியலைன்னார். உனக்கு அப்பா மேல இவ்வளவு அக்கறை வந்ததே பெரிய விஷயம். அதையே எழுதலாம் வா. 'என் அப்பா லிஃப்ட் மெக்கானிக்.' அடிச்சியா?

— அது எதுக்கு இப்ப?

— 'வேலைக்குப் போன கட்டடத்தில் மாடிப்படியில் மயங்கி விழுந்தார்.'

— லிஃப்ட் மெக்கானிக் படியில விழுந்தார்னு போட்டா படிக்கிறவன் சிரிப்பான்.

— அப்பாவே சிரிச்சார், பாதி வாயால. அடி. 'பக்கவாதம். உடம்பில் ஒரு பக்கம் வரவில்லை.' எந்தப் பக்கம்னு போடணும். எந்தப் பக்கம்டா?

— என்னடி இது, வாய்மொழித் தேர்வா?

— சொல்லேன்.

— இடது.

— யோசிச்சுச் சொல்லு.

— இடது கை, இடது கால். இதுல யோசிக்க என்ன இருக்கு? நம்ம வீட்டு ஆளு!

— அப்படித்தான் உன் விண்ணப்பத்துலயும் எழுதியிருக்க.

— நீ… நீ அதை எப்படிப் பாத்த?

— அம்மா இன்னிக்கு போனை வீட்டுலயே மறந்து வச்சுட்டு லாண்டரி வேலைக்குப் போயிட்டாங்க. காலையில அதுல மெயில் வந்துச்சு. நீ முன்னாடியே போட்ட விண்ணப்பம் முதல் கட்டம் தாண்டிடுச்சாம். கட்டணச் சலுகை குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டு நிலைமையை நேர்ல பாக்கணுமாம். நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேர் வர்றாங்க.

— நாளைக்கா? இங்கயா?

— பின்ன எங்க? அதுக்குக் கீழேயே நீ எழுதினதும் முழுசா இருந்துச்சு. 'தினமும் விடியற்காலையில் தந்தையைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, உணவு ஊட்டிய பிறகே பள்ளிக்குக் கிளம்பினேன். ஆனாலும் என் மதிப்பெண் குறையவில்லை.' நல்ல நடைடா. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம்தான் உறைச்சது, அது நான்னு.

— அதாவது… எப்படிச் சொல்றது? 'நீங்கள் தாண்டி வந்த கஷ்டம் என்ன'ன்னு ஒரு கேள்வி. எல்லாரும் என்னென்னவோ எழுதினாங்க. நான் ரெண்டு நாள் உக்காந்து பாத்தேன், எனக்கு எழுத ஒண்ணுமே இல்ல. இந்த வீட்டுல நடந்ததெல்லாம் உனக்குத்தான் நடந்துச்சு.

— அதனால என்னோடதை எடுத்துப் போட்டுக்கிட்ட. சின்ன வயசுல என் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடுவியே, அந்த மாதிரி.

— நீ காலேஜே வேணாம், அப்பாவைப் பாத்துக்கறேன்னு சொன்ன. யாருக்கும் உதவாம கிடக்கறதுதானேன்னு…

— சொன்னேன்தான். அம்மா பாதி நாள் வேலைக்கு மாத்திக்கிறேன்னதும் எனக்கும் ஆசை வந்துச்சு. வரக் கூடாதா?

— வரலாம். வரணும்.

— இப்ப அதே காலேஜுக்கு நான் உள்ளதை எழுதினா என்ன ஆகும், நீயே சொல்லு. ஒரே வீடு, ஒரே பொறந்த தேதி, கட்டில்ல ஒரே அப்பா. ரெண்டு பேரும் நான்தான் தூக்கினேன், நான்தான் தூக்கினேன்னு எழுதறோம். ஒருத்தனுக்கு மார்க் ஏறியிருக்கு, ஒருத்திக்கு இறங்கியிருக்கு. யாரைப் பொய்னு சொல்வாங்க?

— உன்னை.

— அதான் வந்ததுலருந்து விட்டுடு, விட்டுடுன்ற.

— எனக்கு வெக்கமா இருக்குடி. உன் மூஞ்சியைப் பாக்க முடியல.

— வெக்கப்படறதை நாளைக்கு வச்சுக்கலாம். முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. ஒரு வருஷமா இந்த ரெண்டு ரூம்லதான் இருக்க. அப்பாவுக்கு வராதது வலது கை. வலது கால். எப்படிடா மாத்தி எழுதின?

— வலதா? இல்லையே. தினம் பாக்கறேனே. இந்தப் பக்கம்தான்… இரு… இந்தக் கை…

— எங்க நின்னு பாத்த?

— கதவுகிட்ட. கட்டிலோட கால்மாட்டுல.

— அங்க நின்னா அப்பாவோட வலது கை உனக்கு இடது பக்கமாத்தான் தெரியும். பக்கத்துல போய்த் தோளைக் குடுத்துத் தூக்கினவங்களுக்கு அந்தக் குழப்பம் வராது. எந்தப் பக்கம் கனம்னு என் தோளைக் கேளு, சொல்லும்.

— நான் உள்ள வந்தேன்டி. ஒரு தடவை வந்தேன்.

— எப்ப?

— ஆஸ்பத்திரியிலருந்து கூட்டிட்டு வந்த அன்னிக்கு. நீ அவருக்குத் துணி மாத்திக்கிட்டிருந்த. என்னைப் பாத்ததும் அப்பா முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டார். என்னைத் தோள்ல வச்சு மூணு மாடி ஏறின மனுஷன். எனக்கு உடம்பெல்லாம் கூசிடுச்சு. அருவருப்புல நிக்கறேன்னு நினைச்சுக்கிட்டாரோன்னு பயந்தேன். அப்புறம்… கொஞ்சம் அருவருப்பும் இருந்துச்சு. சொல்லிட்டேன், போதுமா? அதுலருந்து லைப்ரரி மூடற வரைக்கும் அங்கயேதான். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட அப்பா வெளியூர்ல வேலையா இருக்கார்னு சொல்லி வச்சிருக்கேன்.

— அதான் உனக்கு மார்க் தொண்ணூத்திமூணு.

— அதான்.

— அப்பா திருப்பிக்கிட்டது உன்னால இல்ல. பையன் பாக்கறானேன்னு அவருக்கு வெக்கம். அவருக்கும் வெக்கம், உனக்கும் வெக்கம். நடுவுல நான் ஒருத்தி வெக்கங்கெட்டவ.

— அப்படிச் சொல்லாத.

— கணக்குப் பரீட்சை அன்னிக்கு ஞாபகம் இருக்கா? அம்மா காலை ஷிஃப்டுக்குப் போயிட்டாங்க. அப்பா கட்டில்லருந்து சரிஞ்சுட்டார். தூக்கி மேல வைக்க நாப்பது நிமிஷம். நான் ஹாலுக்குள்ள போறப்ப முதல் பக்கத்தை எல்லாரும் முடிச்சிருந்தாங்க.

— நான் முதல் பஸ்ல போயிட்டேன். எனக்குத் தெரியாது.

— நீ ஷூ மாட்டிக்கிட்டிருந்த. அப்பா விழுந்த சத்தத்துக்கு அப்புறம்தான் கதவு மூடற சத்தம் கேட்டுச்சு.

— …கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு. மூணு மாடி இறங்கற வரைக்கும், இப்ப திரும்பிடலாம், இப்ப திரும்பிடலாம்னு நினைச்சுக்கிட்டே இறங்கினேன்.

— சரி, அழாத. கீபோர்டுல விழப் போகுது, ஏற்கெனவே ரெண்டு பட்டன் வேலை செய்யல.

— காலேஜுக்குப் போன் போட்டு, அதெல்லாம் என் அக்கா செஞ்சதுன்னு சொல்லிடவா?

— சொன்னா?

— என் பேரை அடிச்சுடுவாங்க.

— அடிப்பாங்க. அப்ப நீ கேக்கறது போன் போடவான்னு இல்ல. போடாதன்னு நான் சொல்லணும்னு.

— ஆமா.

— நான் போடுன்னும் சொல்லல, போடாதன்னும் சொல்லல. அது உன் பாடு. மணி நாலரை ஆச்சு, என் கட்டத்தை முடி. நான் சொல்றதை அப்படியே அடி. 'அப்பாவை ஒரு வருடம் நான் தனியாகப் பார்த்துக்கொண்டேன்.'

— ம்.

— படிச்சுக் காட்டு.

— 'அப்பாவை ஒரு வருடம் நான் பார்த்துக்கொண்டேன்.'

— 'தனியாக' எங்க?

— ஒரு வார்த்தைதான அக்கா… அது இல்லேன்னா நீ எழுதினதும் நான் எழுதினதும் இடிக்காது. ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும். உனக்கும் கிடைக்கும், எனக்கும்…

— உனக்கு அது ஒரு வார்த்தை. எனக்கு ஒரு வருஷம்டா.

— பெரி… யவளே… தண்… ணி…

— இதோ வர்றேன்ப்பா!

— இரு. நான் போறேன்.

— நீயா?

— நீ உக்காரு. டம்ளர் எங்க இருக்கு?

— அதுவும் தெரியாதா? ஜன்னல் ஓரம். கால்மாட்டுல நின்னுக்கிட்டு நீட்டாத, பக்கத்துல போ. அவரோட இடது பக்கம். அதுதான் பிடிக்கிற கை.

— அப்பா… நான்தான்பா, சின்னவன். தண்ணி. இந்தாங்க, பிடிச்சுக்குங்க. …அப்பா, விரலை மடக்குங்க. இப்படி. அப்பா? அக்கா! அக்கா, ஓடி வா! இந்தக் கையும் வரல! அப்படியே கிடக்கு, பிடிக்கவே மாட்டேங்கிறார்! டாக்டரைக் கூப்பிடு!

— கத்தாத. கைக்கு ஒண்ணும் ஆகல.

— என்னடி ஒண்ணும் ஆகல? மத்தியானமே ஊட்டி விட்டியே, அப்பவே தெரியுமா உனக்கு?

— காலையில அந்த மெயிலை அப்பாவுக்கும் படிச்சுக் காட்டினேன். பாதியில நிறுத்தப் பாத்தேன், முழுசாப் படின்னார். அதுலருந்து கையை இப்படித்தான் போட்டு வச்சிருக்கார். அப்பா, போதும்பா. பையன் பயந்துட்டான். டம்ளரைப் பிடிங்க.

— வேணாம்… மா. நாளைக்கு… ஆளுங்க… வருவாங்க. இந்தக் கைதான்… வராதுன்னு… சின்னவன் எழுதிட்டான். பழகிக்கிறேன்.